வளரும் வன்னிச் சிறுநகரின் எதிர்காலக் காணிப் பயன்பாட்டைத் திட்டமிடுதல்: நீர்வழியிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில், வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியால் வடக்கே போகிறவர் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி என்று ஊர் ஊராகக் கடக்கும்போது ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காண்பார். வீதியின் இரு மருங்கிலும் கடைகள் நீண்டுகொண்டே வருகின்றன. கடைகளுக்குப் பின்னால் கிரவல் (சரளை மண்) கொட்டி உயர்த்திய காணித் துண்டுகள் கிடக்கின்றன. அவற்றுக்கும் பின்னால் வயல் இருக்கிறது. கிளிநொச்சியை அடைந்து கரடிப்போக்கு, பரந்தன் பக்கமாகப் போனாலும் இதே காட்சிதான். 2009இல் போர் முடிந்த பின்னர் மக்கள் திரும்பி வந்து, வீட்டுத் திட்டங்கள் முடிந்து, 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியதோடு, அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களும் வந்து சேர்ந்துவிட்ட நிலையில், இந்த வளர்ச்சி நிற்கப்போவதில்லை. நிற்கவும் வேண்டியதில்லை. எந்தக் காணியில் அது நிகழ வேண்டும் என்பதை யார், எப்போது, எதைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள் என்பதே கேள்வி.

காணி துண்டாக்கப்பட்டு, உறுதி (உரிமைப் பத்திரம்) எழுதப்பட்டு, அத்திவாரமும் வெட்டப்பட்ட பின்னர் வரைகின்ற திட்டம், நடந்து முடிந்ததைப் பதிவுசெய்யும் படமாகவே இருக்கும். ஆகவே ஒரு சிறுநகரின் அடுத்த 20 ஆண்டுகளுக்கான காணிப் பயன்பாட்டு வரைவை ஊர்மட்டத்திலேயே ஆயத்தம் செய்ய விரும்புகின்ற பிரதேச சபை உறுப்பினர்கள், கிராம அபிவிருத்திச் சங்கத்தினர், கமக்காரர் அமைப்பினர், இளம் தொழில்நுட்பவியலாளர் ஆகியோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். வேலையின் வரிசையில் நான் விட்டுக்கொடுக்க விரும்பாதது ஒன்று உண்டு. வன்னியில் முதலில் நீர் போகும் வழியைப் பதிய வேண்டும். இரண்டாவதாகக் காணியின் ஆவண நிலையை அறிய வேண்டும். வீடு, கடை, வீதி ஆகியவற்றுக்கு இடம் குறிப்பது அவற்றுக்குப் பிறகுதான். இந்த வரிசை மாறிய இடங்களில் மாரிக்கு வெள்ளமும் கோடைக்கு வழக்கும் வந்திருப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள்.

முதற்படி: எல்லையை நீரைப் பார்த்து வரைதல்

திட்டப் பரப்பின் எல்லையாகக் கிராம அலுவலர் பிரிவின் எல்லையை அப்படியே எடுத்துக்கொள்வது இலகுவானது. ஆனால் நிர்வாக எல்லைகள் பெரும்பாலும் வீதிகளையும் வாய்க்கால்களையும் ஒட்டி இடப்பட்டவை. நீர் அவற்றைக் கடந்து போகிறது. வன்னியின் குளங்கள் தனித்தனியானவை அல்ல. மேற்குளத்தின் வான் (நிரம்பிய குளத்தின் மிகைநீர் வெளியேறும் வழி) பாய்ந்து கீழ்க்குளத்துக்குப் போய், அதன் வானும் கழிவு வாய்க்காலும் இன்னொரு குளத்திலோ ஆற்றிலோ சேர்கின்ற தொடர்களாகவே அவை அமைந்திருக்கின்றன. ஆகவே நகரத்துக்கு மேலேயுள்ள குளத்தின் நீரேந்து பரப்பையும் நகரத்தின் கழிவுநீரை ஏற்கும் கீழ்க்குளத்தையும் அதன் வயல்களையும் உள்ளடக்கி எல்லையை வரைய வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப் படத்தில் குளங்களையும் ஓடைகளையும் தொடர்ந்து பார்த்தாலே இந்தத் தொடர் தெரிந்துவிடும். மேற்குளம் வேறொரு பிரதேச சபையின் ஆளுகைக்குள் இருந்தால், அந்தச் சபையினரை முதல் கூட்டத்துக்கே அழைக்க வேண்டும்.

இரண்டாம் படி: நீர் போகும் வழியைப் பதிதல்

முழு வேலையிலும் மிக அதிக நேரத்தை எடுக்க வேண்டிய படி இது. வன்னிக்குப் பெரும்பங்கு மழை ஒக்டோபர் முதல் சனவரி வரையுள்ள மாரிக் காலத்திலேயே கிடைக்கிறது. ஓகஸ்ட் மாதத்தில் ஒரு காணியைப் பார்த்துவிட்டு அது மேட்டுக்காணி என்று எழுதுகின்றவர், டிசம்பரில் அங்கே முழங்காலளவு நீரில் நிற்க நேரலாம். எனவே களப்பதிவைக் குறைந்தது ஒரு மாரியாவது நடந்து பார்த்துச் செய்ய வேண்டும்.

படத்தில் முதலில் இடவேண்டியவை குளம், குளக்கட்டு, துருசு (வயலுக்கு நீர் திறந்துவிடும் மடை), வான், வான் பாயும் பாதை, அலைகரை, பிரதான வாய்க்கால், கிளை வாய்க்கால், கழிவு வாய்க்கால், ஆறு, ஓடை, மோட்டை (நீர் தங்கும் சிறு பள்ளம்), கேணி என்பவை. இவற்றில் அலைகரையும் வான் பாதையுமே மிக எளிதில் பறிபோகின்றன. அலைகரை என்பது குளம் நிரம்பும்போது நீர் வந்து தொடும் மேற்பக்க விளிம்பு. ஆண்டில் எட்டு மாதம் காய்ந்து கிடப்பதால் அது வெற்றுக்காணியாகத் தோன்றும். வான் பாதையும் அவ்வாறே. மழை குறைந்த இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்தால், அதன் நடுவிலேயே வேலி அடைக்கப்பட்டுவிடும்.

இரண்டாவதாக வெள்ள நினைவைப் பதிய வேண்டும். 2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் பெய்த கனமழையின்போது கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருமளவு குடியிருப்புகளும் வயல்களும் நீரில் மூழ்கின. அந்த நாளில் நீர் எந்தச் சுவரில் எந்த உயரம் வரை நின்றது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எத்தனை நாளில் வடிந்தது என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு ஒழுங்கையிலும் கேட்டு, உயரத்தை அளவுநாடாவால் அளந்து எழுதுங்கள். 2008 நவம்பரின் நிஷா புயல் மழையை நினைவில் வைத்திருப்போரும் உண்டு. ஆனால் அப்போது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் பெரும்பாலானோர் இடம்பெயர்ந்து வேறிடத்தில் இருந்தனர் என்பதால், அவர்களது நினைவு சொந்தக் காணியைப் பற்றியதா தங்கியிருந்த இடத்தைப் பற்றியதா என்பதைத் தெளிவாகக் கேட்டறிய வேண்டும். ஒரு தலைமுறையே ஊரை விட்டுப் போய் வந்த பிரதேசத்தில் வெள்ள நினைவு தொடர்ச்சியாக இருக்காது. இது எங்கள் பிரதேசத்துக்கே உரிய இடர்.

அந்த இடைவெளியை நிரப்ப இரண்டு சாட்சிகள் உதவும். ஒன்று ஊர்ப்பெயர். குளம், மடு, மோட்டை, கேணி, ஓடை, ஆறு என்று முடிகின்ற பெயர்கள் வன்னியெங்கும் இருக்கின்றன. மாங்குளம், இரணைமடு, முரசுமோட்டை, நெடுங்கேணி என்ற பெயர்களே போதிய சான்று. பேரூர்ப் பெயர்களைவிடக் காணித் துண்டுகளின் பெயர்கள் இன்னும் நுட்பமானவை. பழைய உறுதிகளில் காணிக்கு எழுதப்பட்டிருக்கும் பெயரைப் படித்துப் பார்த்தால், இன்று கடைத்தொகுதி நிற்கும் இடம் ஒரு காலத்தில் மோட்டையாக இருந்தது தெரியவரலாம். மற்றைய சாட்சி மரம். மருதமரங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் நீர் ஓடிய தடம் இருப்பதற்கு நிறைய வாய்ப்புண்டு. செய்மதிப் படங்களைப் பார்க்கின்றவர்கள், கூகுள் ஏர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களுக்குப் போகும் வசதியைப் பயன்படுத்தி, கோடைப் படத்தையும் மாரிக்குப் பின்வரும் சனவரி, பெப்ரவரிப் படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும்.

மூன்றாவதாக, நீருக்குக் குறுக்கே நிற்பவற்றைப் பதிய வேண்டும். ஏ-9 வீதியும் தண்டவாளமும் உயர்த்திக் கட்டப்பட்டவை. நீர்வழிக்குக் குறுக்கே அவை இரண்டு அணைகளைப் போலக் கிடக்கின்றன. அவற்றின் அடியிலுள்ள ஒவ்வொரு மதகையும் எண்ணி, அகலமும் உயரமும் அளந்து, அடைபட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் குறைந்தது 200 மீற்றர் வரை நடந்து, நீர் வந்து சேரவும் போய்ச் சேரவும் வழி இருக்கிறதா என்பதை எழுத வேண்டும். மதகு நன்றாக இருந்து, அதன் கீழ்ப்பக்கத்தில் மதில் எழுந்திருக்கும் இடங்களை நான் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் மதகைப் பெரிதாக்குவதற்கு ஒதுக்குகின்ற பணம் முழுவதும் வீண்.

இந்தப் பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே படத்தில் நீல நிறத்தில் இட்டு முடித்த பின்னர், அதன் மேல் எந்தக் கட்டடமும் வராது என்று கூட்டத்தில் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மற்ற எல்லா முடிவுகளும் இந்த நீலத்துக்கு வெளியேதான்.

மூன்றாம் படி: காணியின் ஆவண நிலையை அறிதல்

வன்னியின் காணிகளில் கணிசமானவை அரச காணிகள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் குடியேற்றத் திட்டங்களில் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களும், பின்னர் சனாதிபதியின் கையொப்பத்துடன் வழங்கப்பட்ட அளிப்புப் பத்திரங்களும், தனியார் உறுதிக் காணிகளும் ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்து இருக்கும். திட்டத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், இந்தக் காணிகளை எப்படிப் பிரிக்கலாம், யாருக்குக் கைமாற்றலாம் என்பவை ஒவ்வொன்றுக்கும் வேறுபடுகின்றன. அனுமதிப்பத்திரத்திலேயே அந்தக் காணியைப் பிரிக்கக்கூடிய மிகச்சிறிய அலகு குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் நடைமுறையில், பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காக வாய்ப்பேச்சில் துண்டாக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டிலும் வீடும் கிணறும் மலசலகூடமும் வந்து, பத்திரம் மட்டும் இறந்துபோன தந்தையின் பெயரிலேயே கிடப்பது மிகச் சாதாரணம்.

எனவே ஒவ்வொரு காணிக்கும் ஆறு வகையில் ஒன்றைக் குறியுங்கள்: உறுதிக்காணி; அளிப்பு; அனுமதிப்பத்திரம்; பத்திரமின்றிக் குடியிருக்கும் அரச காணி; திணைக்களங்களோ படையினரோ கையில் வைத்திருப்பது; குளம், வாய்க்கால், வீதி, புகையிரதப் பாதை ஆகியவற்றின் ஒதுக்கக் காணி. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவிலும் குடியேற்ற உத்தியோகத்தரிடமும் இந்தத் தகவலின் பெரும்பகுதி உண்டு. எப்.வி.பி. என்று வழங்கப்படும் கிராம இறுதி வரைபடத்தில் துண்டு இலக்கங்களும் ஒதுக்கங்களும் இருக்கும். கேட்டும் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பியுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். விண்ணப்பத்தில் வரைபடத்தின் பெயரையும் துண்டு இலக்கங்களையும் துல்லியமாகக் குறிப்பிட்டால், மறுப்பதற்குக் காரணம் தேடுவது கடினமாகும்.

நான்காம் வகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களின் அடுத்தடுத்த தலைமுறைகள் பல, இன்றும் காணிப் பத்திரமின்றி இருக்கின்றன. ஒரு திட்டம் அவர்கள் வாழும் இடத்தைப் ‘பொதுத் தேவைக்கான வெற்றுக்காணி’ என்று நிறமிட்டால், அந்த நிறமே அவர்களை வெளியேற்றும் ஆவணமாக மாறிவிடும். குடியிருப்பு இருக்கும் இடத்தைக் குடியிருப்பு என்றே குறித்து, ஒழுங்குபடுத்தும் பணியை, அரச காணி வழங்குவதற்கான விசாரணையான காணிக் கச்சேரிக்குப் பரிந்துரைக்க வேண்டும். ஒதுக்கக் காணிக்குள் உண்மையிலேயே குடியிருக்கின்றவர்கள் இருந்தால், மாற்றிடம் எது என்பதைத் திட்டத்திலேயே குறிக்காமல் அவர்களை நகரச் சொல்லும் அதிகாரம் எந்தக் கூட்டத்துக்கும் இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

பெண்களின் பெயரையும் இதே கட்டத்தில் கவனிக்க வேண்டும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு வரிசையைக் கூறும் பழைய அட்டவணை, பின்னுரித்தாளர் (காணியை அடுத்துப் பெறுபவர்) குறிக்கப்படாத இடத்தில் ஆண் உறவினரை முற்படுத்தியது; 2022இல் செய்யப்பட்ட திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. போரில் கணவரை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் இத்தனை இருக்கின்ற மண்ணில், பழைய அட்டவணையை நினைவில் வைத்துப் பேசுகின்றவர்களைத் திருத்துவதும் திட்டமிடுகின்றவரின் வேலைதான்.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள். புதிதாகத் திறக்க எண்ணும் காட்டோரக் காணி கண்ணிவெடி அகற்றப்பட்டு விடுவிக்கப்பட்டதா என்பதை மாவட்டச் செயலகத்தில் எழுத்தில் உறுதிசெய்யாமல் அதில் எந்த வலயத்தையும் குறிக்காதீர்கள். போருக்கு முன்னர் வயலாக இருந்து, மக்கள் இல்லாத ஆண்டுகளில் காடு மண்டிய காணிகள், பின்னர் வன ஒதுக்கமாக எல்லையிடப்பட்ட இடங்களும் உண்டு. அவற்றுக்குப் பழைய பத்திரங்களையும் போருக்கு முந்தைய வரைபடங்களையும் சேர்த்துத் தனிக் கோவை ஒன்றை ஆயத்தம் செய்யுங்கள்.

நான்காம் படி: வயலைக் காத்தல்

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி வயற்காணியை நிரப்ப முடியாது. சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆயினும் வயல் நிரப்பப்படுகிறது. அது எப்படி நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால்தான் திட்டம் பயன்படும்.

வீதியோரத்தில் முதல் வயற்துண்டு கிரவலால் உயர்த்தப்படுகிறது. அதனால் அதற்குப் பின்னாலுள்ள வயலின் நீர் வடியும் வழி அடைபடுகிறது. அந்த வயல் காலபோகத்தில் (மாரி நெற்செய்கையில்) நீர் தேங்கி அழுகுகிறது, இரண்டு போகம் நட்டப்பட்டவர், இது இனி வயலுக்கு உதவாது என்று சொல்லி விற்கிறார், வாங்கியவர் நிரப்புகிறார். இவ்வாறு ஒரு துண்டு அடுத்த துண்டைத் தின்றுகொண்டு போகிறது. ஆகவே காப்பாற்ற வேண்டியது ஒவ்வொரு வயலையும் தனித்தனியாக அன்று. ஒரு துருசின் கீழ் நீர் பெறும் வயற்பரப்பு முழுவதையும் ஒன்றாகக் காப்பாற்ற வேண்டும். வலயப் படத்தில் துருசுவாரியாக வயல்வெளிகளைக் குறித்து, அந்தத் துருசின் கமக்காரர் அமைப்பின் பெயரையும் எழுதிவிடுங்கள். 200 ஏக்கருக்குக் குறைவான வயலுக்கு நீர் கொடுக்கும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலும் பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பிலும் இருப்பதால், யாரிடம் முறையிடுவது என்பதும் இதனால் தெளிவாகும்.

எங்கள் குடியேற்றத் திட்டங்களை வரைந்தவர்கள் தாழ்வில் வயலையும் மேட்டில் குடியிருப்பையும் பிரித்தே ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுத்தார்கள். இரணைமடுவின் கீழுள்ள இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல் இன்றும் விளைகிறதென்றால், அந்தப் பிரிப்புக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அதைவிடச் சிறந்த வலய விதியைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை எமக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

மேய்ச்சற்தரையையும் இங்கேயே குறிக்க வேண்டும். காலபோகம் தொடங்கினால் மாடுகளை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி வன்னியில் ஆண்டுதோறும் சண்டையாக மாறுகிறது. காட்டோரம் மூடப்பட்டும் தரிசுகள் வேலியடைக்கப்பட்டும் போனதால், மாடு வயலுக்குள்தான் வரும். கூட்டத்துக்கு மாடு வளர்ப்போர் அரிதாகவே வருகிறார்கள். அவர்களைத் தேடிப் போய்க் கேட்டு, மேய்ச்சற்தரைக்கும் அதற்குப் போகும் மாட்டுப் பாதைக்கும் எல்லையிட வேண்டும்.

ஐந்தாம் படி: இருபது ஆண்டுத் தேவையைக் கணக்கிடுதல்

ஒரு கற்பனைச் சிறுநகரை எடுத்துக்கொள்வோம். இன்று 3,000 குடும்பங்கள். ஆண்டுக்கு 2 வீத வளர்ச்சி. 20 ஆண்டில் குடும்பங்கள் சுமார் 4,458 ஆகும். புதிதாக 1,458 வீடுகள் தேவை. ஒரு வீட்டுக்கு அரை ஏக்கர் என்று பழைய வழக்கப்படி கொடுத்தால் 729 ஏக்கர் வேண்டும். வீதி, வடிகால், பாடசாலை, விளையாட்டிடம் ஆகியவற்றுக்கு மொத்தப் பரப்பில் 30 வீதத்தை ஒதுக்கினால் தேவை 1,041 ஏக்கராக உயரும். 20 பேர்ச், அதாவது எட்டில் ஒரு ஏக்கர் கொடுத்தால், வீட்டுக்கு 182 ஏக்கரும் மொத்தமாக 260 ஏக்கருமே போதும். இடையிலுள்ள 781 ஏக்கர்தான் வயலும் காடும் அலைகரையும்.

இந்தக் கணக்கைக் கூட்டத்தில் எல்லோரும் பார்க்கும்படி பெரிய தாளில் எழுதிக் காட்டுங்கள். அரை ஏக்கர் வளவில் தென்னையும் மாவும் கிணறும் வைத்து வாழ்ந்த மக்களிடம் 20 பேர்ச் என்று சொல்வது கடினம். அந்த வளவே பலரின் வருமானமாகவும் இருக்கிறது. எனவே எல்லோருக்கும் ஒரே அளவை விதிக்கத் தேவையில்லை. சந்தியிலிருந்து நடக்கும் தொலைவில் சிறு துண்டுகளும், தள்ளிப் போகப்போகப் பெரிய வளவுகளும் என்று வகுக்கலாம். ஆனால் சிறு துண்டுக்குக் கிணறு ஒரு வரம்பை இடுகிறது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் குறைந்தது 15 மீற்றர் இருக்க வேண்டும் என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் விதி. உங்கள் குழி உங்கள் கிணற்றுக்குத் தூரமாகவும் அயலவர் கிணற்றுக்குப் பக்கமாகவும் இருந்தால் பயனில்லை. ஆகவே சிறு துண்டுகள் வரும் பகுதிக்குக் குழாய்நீர் வரும் திட்டம் இருக்கிறதா என்று தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் கேட்டறிந்த பின்னரே அந்த அளவை முடிவுசெய்ய வேண்டும். குழாய்நீர் வரும்வரை, கிணறுகளை ஒழுங்கையின் ஒரு பக்கமாகவும் குழிகளை வளவின் பின்புறமாகவும் வைக்கும் பொது ஒழுங்கு ஒன்றை ஒவ்வொரு ஒழுங்கைக்கும் வகுக்கலாம்.

பிரிவினையைப் பற்றிப் பேசும்போது, யாழ்ப்பாணத்திலிருந்து வாங்க வருகின்றவர் பரப்புக் கணக்கில் பேசுவார். 16 பரப்பு ஒரு ஏக்கர் என்பதையும், ஆகவே ஒரு பரப்பு 10 பேர்ச் என்பதையும் படத்தின் மூலையில் குறித்துவைத்தால் குழப்பம் குறையும்.

ஆறாம் படி: வலயங்களைக் குறித்தல்

நீலமும் வயலும் மேய்ச்சற்தரையும் இடப்பட்ட பின்னர் மீதியாக இருப்பதைத்தான் வகுக்கிறோம் என்பதால், இந்தப் படி எதிர்பார்ப்பதைவிட விரைவாக முடியும். முக்கியமான முடிவு கடைகளைப் பற்றியது. வீதியோரமாக நாடாபோல நீளும் கடைவரிசை, நெடுந்தூர வாகனங்கள் பறக்கின்ற ஏ-9ஐப் பள்ளிப் பிள்ளைகள் கடக்க வேண்டிய வீதியாக்குகிறது, பின்னாலுள்ள காணிகளுக்கு வழியை அடைக்கிறது, நீரையும் மறிக்கிறது. அதற்குப் பதிலாகச் சந்திகளில் ஆழமாக, அதாவது பிரதான வீதிக்குச் சமாந்தரமான இரண்டாம் வீதி வரை வியாபாரத்தை வளரவிட்டு, சந்திக்கும் சந்திக்கும் இடைப்பட்ட வீதியோரத்தைத் திறந்த வெளியாக வைத்திருக்க வேண்டும். ஏ-9உம் ஏ-35உம் சந்திக்கும் பரந்தன், ஏ-9உம் ஏ-34உம் சந்திக்கும் மாங்குளம் ஆகியவை இப்படி வளர இயற்கையாகவே ஏற்ற இடங்கள். இரண்டாம் வீதிக்கான காணியை இன்றே படத்தில் குறிக்காவிட்டால், பத்து ஆண்டில் அதை மீட்பது இயலாத காரியம்.

ஊடுபோகும் வீதிகளுக்கு 30 அடியும் ஒழுங்கைகளுக்கு 20 அடியும் வடிகால் உட்பட வைத்துக்கொள்ளுமாறு நான் பரிந்துரைப்பேன்; நோயாளர் காவுவண்டியும் தண்ணீர் பவுசரும் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். அரிசி ஆலை, மரவேலைத்தளம், வாகனத் திருத்தகம் ஆகியவற்றுக்கு உமித்தூசும் சத்தமும் கருதித் தனி இடம் தேவை. குப்பைமேட்டை எந்தக் குளத்தின் நீரேந்து பரப்பிலும் வைக்கக் கூடாது. சுடலை, சேமக்காலை, பொதுச்சந்தை, சனசமூக நிலையம், முன்பள்ளி ஆகியவற்றை மறவாதீர்கள். பல்கலைக்கழகத்துக்கு அண்மித்த ஊர்களில் மாணவர் தங்கும் அறைகள் பெருகும். அங்கே கழிவுநீர் ஏற்பாடு சாதாரண வீட்டுக்குரியதைப்போல இருக்க முடியாது. காட்டை அண்டிய முல்லைத்தீவு, வவுனியா வடக்குப் பக்கங்களில் யானை நடமாடும் பாதைகளையும் படத்தில் இட்டு, அவற்றைக் குடியிருப்பால் துண்டிக்காமல் விட வேண்டும்.

ஏழாம் படி: கூட்டங்கள்

கூட்டத்தை அறுவடைக் காலத்தில் வைத்தால் கமக்காரர் வரமாட்டார்கள்; வேலைநாளின் காலையில் வைத்தால் கூலிவேலைக்குப் போவோர் வரமாட்டார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துடன் தனியாக ஒரு கூட்டம் வைப்பது வீண் சடங்கு அன்று. கிணறு எந்த மாதத்தில் வற்றுகிறது, உவர்க்கிறது, எந்த ஒழுங்கையில் இருட்டிய பின் பெண்பிள்ளைகள் நடக்கத் தயங்குகிறார்கள் என்ற தகவல் அங்கேதான் கிடைக்கும். வெளிநாட்டிலிருக்கும் காணிச் சொந்தக்காரர்களைப் பராமரிப்பாளர் மூலமாகவோ தொலைபேசியிலோ தொடர்புகொண்டு, படத்தை அனுப்பி, பதிலை எழுத்தில் பெறுங்கள். பூட்டிக்கிடக்கும் வளவுகள் நகர மத்தியில் எவ்வளவு இருக்கின்றன என்பது தெரிந்தால், புறத்தே காணி திறக்க வேண்டிய தேவை குறையலாம். ஒவ்வொரு ஆட்சேபத்தையும் துண்டு இலக்கத்துடன் பதிந்து, ஏற்றதையும் ஏற்காததையும் காரணத்தோடு அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள்.

எட்டாம் படி: சட்ட வலுவைப் பெறுதல்

ஊர் வரைந்த படத்துக்குத் தானாகச் சட்ட வலு வருவதில்லை. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ், ஒரு பரப்பு வர்த்தமானி மூலம் அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டிருந்தால், அதற்கான அபிவிருத்தித் திட்டத்தை ஆயத்தம் செய்வது அந்த அதிகார சபையின் பணி. அமைச்சரின் அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளிவரும்போது அது கட்டுப்படுத்தும். அத்தகைய பிரகடனம் இல்லாத இடங்களில், 1946ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் கட்டளைச் சட்டத்தின் வழியாகத் தேசிய பௌதிகத் திட்டமிடல் திணைக்களத்தை அணுகலாம். கட்டட அனுமதியோ இரண்டு நிலையிலும் பிரதேச சபையின் கைவழியாகவே போகிறது. ஆகையால் உங்கள் பிரதேச சபைப் பரப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை முதலில் அறிந்து, வரைவு ஆயத்தமாக முன்னரே உரிய அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்து, களப்பதிவுப் படங்களைச் சான்றாக இணைத்துக் கொடுக்க வேண்டும். அதிகார சபை தனது வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது, அறிவித்தலில் குறித்த நாளுக்குள் ஆட்சேபங்களைக் கொடுப்பதற்கு அந்தச் சான்றுகள் ஆயத்தமாக இருக்கும். கொழும்பில் வரைந்த படத்தில் ஒரு வான் பாதை விடுபட்டுப் போனால், அதை அளந்து வைத்திருக்கும் ஊரே அதைத் திருத்த முடியும்.

வர்த்தமானிக்கு ஆண்டுகள் செல்லலாம். அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லை. நீர்வழிகளையும் ஒதுக்கங்களையும் மதித்தே கட்டட அனுமதியும் காணிப் பிரிவினை அனுமதியும் வழங்கப்படும் என்ற தீர்மானத்தைப் பிரதேச சபை நிறைவேற்றி, தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மேசையில் அந்த நீர்வழிப் படத்தை விரித்துவைக்கலாம். விண்ணப்பம் வரும்போது துண்டு இலக்கத்தைப் படத்தில் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதோடு, இணைப்புக் குழுக் கூட்டங்களில் நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல சேவை நிலையம், வீதி அபிவிருத்தி அதிகார சபை ஆகியவற்றின் உத்தியோகத்தர்களிடம் அதே படத்தின் பிரதிகளைக் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்கான கையொப்பத்தை வாங்கி வையுங்கள்.

ஒன்பதாம் படி: எல்லைக் கற்களும் ஆண்டுதோறும் நடையும்

படத்திலுள்ள ஒதுக்கக் கோடுகளை நிலத்தில் காட்டுவதற்கு, நில அளவையாளர் அளந்த இடங்களில் கற்கள் நடப்பட வேண்டும். எல்லாக் குளத்துக்கும் ஒரே ஆண்டில் பணம் கிடைக்காது. குடியிருப்பு நெருங்கிக்கொண்டிருக்கும் அலைகரைக்கும் வான் பாதைக்கும் முதலிடம் கொடுங்கள். கற்களுக்கு இலக்கமிட்டு, கமக்காரர் அமைப்பின் பதிவேட்டில் ஒவ்வொரு கல்லையும் எழுதி, ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பரில், காலபோக ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னர், கமக்காரர்களும் கிராம அலுவலரும் பிரதேச சபை உறுப்பினரும் சேர்ந்து கல் வரிசையில் நடந்து பார்க்க வேண்டும். காணாமற்போன கல்லையும் புதிதாக விழுந்த கிரவல் குவியலையும் அன்றே படமெடுத்து, அந்த வாரத்துக்குள் பிரதேச செயலாளருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் அறிவித்தால், மாரி தொடங்குமுன் அகற்றுவதற்குக் கால அவகாசம் இருக்கும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டாம் படியில் கேட்ட மூன்று கேள்விகளையும் ஒழுங்கை ஒழுங்கையாக மறுபடியும் கேட்டு, நீர்வழிப் படத்தைத் திருத்தி எழுதுங்கள்.